புஷ்பம் டீச்சரின் திருப்புளி

"இன்னாண்ணே, இன்னிக்கு எது செத்துச்சு?"

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "ஒரு மிக்சியும் ஒரு பிரிண்டரும் டீச்சர். மிக்சி நேத்து வரைக்கும் உசுரோட இருந்துச்சாம்."

"பொணத்தக் குடுங்க. அறுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்."

காலைப் பேருந்து மந்தாரக்குப்பத்தில் நின்றதும் மரியபுஷ்பம் டீச்சர் முதலில் போவது பழைய இரும்புக் கடைக்கு. பள்ளிக்கூடம் அதற்குப் பிறகுதான். கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிக்சியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அச்சை ஒரு விரலால் சுண்டிவிட்டுக் காதை அதன் பக்கம் கொண்டுபோவார். "சுத்துது பாருங்க. மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. ஒரு வயரு கருகிப்போனதுக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டாங்க, படுபாவிங்க." கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் ஷிப்ட் ஆட்கள் பார்த்துச் சிரிப்பார்கள். முந்தானையில் பிரிண்டர் மை அப்பியிருக்கும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

சொந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். வயது ஐம்பதை நெருங்குகிறது. வேலை பார்க்கும் பள்ளி, நெய்வேலி நகரியத்தின் பிளாக்குகள் முடிந்து முந்திரித் தோப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. பெர்மனென்ட் ஊழியர்களின் பிள்ளைகள் வேன் ஏறி வேறு பள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். இங்கே வருபவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் பிள்ளைகள். இவர்களுடைய தாத்தா பாட்டிகளில் சிலர் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள். பலர், கொடுப்பதற்கு ஒரு சாண் நிலமும் இல்லாமல் அந்த நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர்களுக்கு அறிவியல் எடுக்கிறார் புஷ்பம் டீச்சர்.

அவருடைய கைப்பையைத் திறந்தால் சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, முள் அசைந்து காட்டுகிற பழைய மீட்டர் ஒன்று, வேளாங்கண்ணித் தீர்த்தம் அடைத்த சிறிய பிளாஸ்டிக் புட்டி எல்லாம் அக்கம்பக்கமாகக் கிடக்கும். திருப்புளி மட்டும் பையில் இருக்காது. வலக்கையில் சாக்பீஸ் என்றால் இடக்கையில் அது இருக்கும். புடவை மடிப்பில் குத்திய ஊக்கில் ஒரு காந்தத் துண்டு ஒட்டியிருக்கும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது. கழற்றுகிற திருகாணிகளை அதில் ஒட்டிவைத்துக்கொள்வார். வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்கு வரும்போது தோள்பட்டையில் திருகாணிகள் பதக்கங்கள்போலத் தொங்கும். "டீச்சர், மிலிட்டரியில பிரமோஷனா?" என்று யாராவது கேட்பார்கள். "ஆமா, மேஜர் ஆயிட்டேன். சல்யூட் அடி" என்பார்.

அவரிடம் இரண்டு வாசகங்கள் உண்டு. ஒன்று, "கழட்டு, பாக்கலாம்." ரேடியோ ஏன் கரகரக்கிறது, மின்விசிறி ஏன் மெதுவாகச் சுற்றுகிறது, டார்ச் ஏன் எரியவில்லை என்று எதைக் கேட்டாலும் இதுதான் விடை. கேட்டவன் கையில் திருப்புளியைத் திணித்துவிடுவார். கழற்றியபின்பும் விளங்காவிட்டால் கூச்சமே இல்லாமல் "எனக்கும் தெரியல" என்பார். தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகள் முன்னால் சொல்கிற ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு ஒரு விருது தரலாம். தருகிறவர்கள் அதற்கெல்லாம் தருவதில்லை.

இரண்டாவது வாசகம் பிறந்தது வாளிச்சக்கரம் செய்த அன்று. சுரங்கத்தில் மலைபோல நின்று மண்ணை வாரிக் கொட்டுகிறதே, அந்த ராட்சத இயந்திரத்தின் குட்டி ஒன்றை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தார்கள். சைக்கிளிலிருந்து பல்சக்கரம், பிரிண்டரிலிருந்து மோட்டார், வாளிகளுக்குப் பதில் சோடா மூடிகள். மோட்டாரை முடுக்கியதும் சக்கரம் மணலை அள்ளி முதல் வரிசையின் முகத்தில் வீசியது.

"ஐயோ டீச்சர், கண்ணு போச்சு!"

"இவன்தான் டீச்சர், வயர மாத்திக் குடுத்துட்டான்!"

"நானில்ல டீச்சர், அவதான்!"

புஷ்பம் டீச்சர் மேசையைத் திருப்புளியால் தட்டினார். "ஏய், யாருன்னு கேக்காதீங்கடா. ஏன்னு கேளுங்க. யாருன்னு கேட்டா அடிதான் வுழும். ஏன்னு கேட்டாத்தான் மிசின் ஓடும்." அன்றிலிருந்து வகுப்பில் யார் எதைப் போட்டு உடைத்தாலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் "யாருன்னு கேக்காதீங்க" என்று முந்திக்கொள்ளும், பெரும்பாலும் உடைத்தவனின் குரலே.

மணலுக்கு விடை கண்டுபிடித்தவள் அகிலா. வேகத்தைக் குறைக்கச் சிறிய பல்சக்கரத்தை மோட்டார் பக்கம் போட்டாள். ஒல்லியான, வாய் திறக்காத பெண். ஆனால் கை சும்மா இருக்காது. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளியின் மின்சார மணியைக் கழற்றிப் பார்த்துத் திருப்பி மாட்டினாள். அது நிற்காமல் அடித்தது. அடித்த அடியில் மொத்தப் பள்ளியும் மதியச் சோற்றுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டது. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சத்துணவுக் கூடத்தில் அரிசியே கொதிக்கவில்லை. தலைமையாசிரியர் கலியமூர்த்தி அந்த நாளை மறக்கவே இல்லை.

கலியமூர்த்தி கெட்டவர் அல்லர். பயந்தவர். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு நுண்ணோக்கி உடைந்துபோக, அதற்கு விளக்கம் எழுதி எழுதியே அவருடைய பதவி உயர்வு தள்ளிப்போனது. உடைத்தது யாரோ, விளக்கம் எழுதியது அவர். அதற்குப் பிறகு பள்ளிக்கு வருகிற எந்தப் பொருளைப் பார்த்தாலும் அவருக்கு அந்த நுண்ணோக்கிதான் ஞாபகம் வரும்.

அப்படியிருக்க, சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் பள்ளிக்கு ஒரு பரிசு அனுப்பியது. உள்ளங்கையில் அடங்குகிற கணினிப் பலகைகள். நாம் எழுதிக்கொடுத்தபடி விளக்கை ஏற்றும், மோட்டாரைச் சுற்றும், வெப்பத்தை அளந்து சொல்லும். கூடவே பெட்டி பெட்டியாகக் கம்பிகள், கடுகளவு விளக்குகள், சின்னச் சின்ன மோட்டார்கள். ஓர் அறைக்கு வெள்ளையடித்து, சுவரில் ராக்கெட்டும் ரோபோவும் வரைந்து, வாசலில் 'படைப்புத் தொழில்நுட்பக் கூடம்' என்று பளிங்குப் பலகை பதித்தார்கள். பலகையில் நன்கொடையாளர் பெயர் இருந்தது. அதைத் தினமும் துடைக்க ஆள் இருந்தது. உள்ளே ஒரு இரும்பு பீரோ, அதற்கு ஒரு திண்டுக்கல் பூட்டு. சாவி கலியமூர்த்தியின் சட்டைப்பையில்.

"சார், வெள்ளிக்கிழம கடைசி பீரியட் மட்டும் திறந்து வுடுங்க. நான் கூடவே இருக்கேன்" என்று புஷ்பம் டீச்சர் கேட்டார்.

"டீச்சர், அது ஸ்டாக்ல ஏறியிருக்கு. ஸ்டாக்லயே இருக்கட்டும்."

"பசங்களுக்குன்னுதானே சார் குடுத்தாங்க?"

"பசங்களுக்குத்தான். அவங்க பேர்லதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

இந்த ஊரில் பிறக்கிற மின்சாரம் எத்தனையோ ஊர்களில் விளக்கெரிக்கிறது. இந்த ஊர்ப் பிள்ளைகள் கடுகளவு விளக்கு ஒன்றை ஏற்றிப் பார்க்க ஒரு சாவி குறுக்கே நின்றது. புஷ்பம் டீச்சர் சண்டை போடவில்லை. இரும்புக் கடையையே நம்பி வெள்ளிக்கிழமைச் செய்முறை வகுப்பை நடத்தினார். ஆனால் பீரோ இருந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் அவர் நடை தானாகவே தயங்கும். அகிலா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பீரோவைக் கண்டிப்பாகத் திறக்க வேண்டிய நாள் ஒன்று வந்தது. அது ஆயுத பூஜை.

சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் அது சாதாரணப் பண்டிகை இல்லை. டிப்பர் லாரிக்கு வாழைக்கன்று, ஸ்பானருக்குக் குங்குமம், கணினித் திரைக்கு மாலை. அலுவலக உதவியாளர் தங்கராசு பள்ளியில் அந்தக் காரியத்தை மனமொன்றிச் செய்வார். தற்காலிகப் பணியில் பல வருடமாக இருப்பவர். அன்று பீரோவைத் திறந்து கணினிப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கி, பன்னீரில் குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, ஒவ்வொன்றின் நட்டநடுவில் பொட்டு வைத்தார். நட்டநடுவில்தான் பலகையின் மூளையான சிப்பு இருக்கிறது. சந்தனத்தின்மேல் குங்குமம். கற்பூரம் காட்டினார். பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் அந்தப் பலகைகளைக் கிட்ட இருந்து பார்த்தது அதுவே முதல் தடவை. கும்பிடக் கிடைத்தது. தொடக் கிடைக்கவில்லை. பொட்டு உலருவதற்குள் எல்லாம் பீரோவுக்குள் போயின, பூட்டு விழுந்தது, வடகிழக்குப் பருவமழை தொடங்கியது.

கார்த்திகையில் நன்கொடை நிறுவனத்திலிருந்து இரண்டுபேர் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. தங்கராசு பலகைகளை எடுத்து, வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ என்று நினைத்து, ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்துவைத்தார். கலியமூர்த்தி புதுச் சட்டை போட்டுவந்தார். பலகையை இயக்கிக் காட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் வேறு வழியின்றி அகிலாவைக் கூப்பிட்டார்கள். புஷ்பம் டீச்சர் தன் கைபேசியில் படம் காட்டி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அகிலா முதல் பலகையைச் சொருகினாள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மினுக்கென்று விழித்து அணைந்தது. தொட்டுப்பார்த்தால் சுட்டது. வந்தவர்கள் பண்பானவர்கள். பரவாயில்லை என்று புன்னகைத்துவிட்டு, சுவரில் இருந்த ராக்கெட்டின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் கலியமூர்த்தியின் முகம் மாறியது. நுண்ணோக்கி திரும்பி வந்துவிட்டது.

அகிலாவின் அம்மா சாமியம்மாளை வரச்சொல்லி ஆள் போயிற்று. நகரியத்தின் தெருக்களைப் பெருக்குகிற காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. பச்சை மேல்சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடிவந்தார். அலுவலக அறையில் கலியமூர்த்தி அவரை நிற்கவைத்தே பேசினார்.

"ஒங்க பொண்ணு பெல்லக் கழட்டுனப்பவே கண்டிச்சிருக்கணும். இப்ப பாருங்க, அவ்ளோ வெல ஒசந்த பொருள். கண்டவங்க கை பட்டா இப்பிடித்தான் ஆகும்."

சாமியம்மாள் மெதுவாகக் கேட்டார். "கண்டவங்கன்னா யாரு சார்?"

கை பட்டால் கெட்டுப்போகும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய வாக்கியம் இல்லை. குளத்தைப் பற்றிச் சொன்னார்கள், கிணற்றைப் பற்றிச் சொன்னார்கள், கோயிலைப் பற்றிச் சொன்னார்கள். இப்போது ஒரு கணினிப் பலகையைப் பற்றி. கலியமூர்த்தி அந்தப் பொருளில் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கேட்கிற காதுக்கு அந்த வாக்கியத்தின் வயது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "நான் பொதுவாச் சொன்னேம்மா" என்று மேசைமேல் இருந்த காகிதத்தைத் திருப்பினார்.

வெளியே வந்த சாமியம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்தார். "இனிமே எதையும் தொடாத. தொட்டீன்னா இந்தக் கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன். நாலு பேரு முன்னால என்ன நிக்க வெச்சிட்டியேடி."

அன்றிலிருந்து அகிலா வகுப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வாளிச்சக்கரத்தில் ஒரு சோடா மூடி கழன்று அவள் காலடிக்கு உருண்டு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை செய்முறை வகுப்பு மறு உத்தரவு வரும்வரை இல்லை என்று சுற்றறிக்கை வந்தது. புஷ்பம் டீச்சரை எரியவைத்தது சுற்றறிக்கை இல்லை. அந்தப் பின்னால் கட்டிய கைகள்.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனார். "சார், அந்த போர்டெல்லாம் செத்துதானே போச்சு? பொணத்த எனக்குக் குடுங்க."

"என்ன பண்ணப் போறீங்க?"

"ஏன் செத்துச்சுன்னு பாக்கறேன். ஒங்களுக்கும் மேல எழுத ஒரு காரணம் வேணுமில்ல?"

விளக்கம் என்ற சொல்லுக்கு எப்போதும் பணிகிறவர் கலியமூர்த்தி. கொடுத்துவிட்டார்.

மதிய இடைவேளையில் பலகைகளை மேசையில் பரப்பிப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கச் சொன்னார். இனியன் என்கிற பையன் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். அகிலாவிடம் நீட்டியபோது அவள் கைகளை எடுக்கவில்லை. முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்க் குனிந்தாள். மூக்கு விடைத்தது.

"டீச்சர்… சந்தன வாசன அடிக்குது."

புஷ்பம் டீச்சர் பலகையை வாங்கிக் கைபேசியின் கேமராவைக் கிட்டே பிடித்துப் பெரிதாக்கினார். சிப்பின் எறும்புக்கால் போன்ற உலோகக் கால்களுக்கு இடையில் மஞ்சளாய் ஏதோ அப்பியிருந்தது. சில கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உலராத பொட்டு, பூட்டிய பீரோ, மழைக்காலம், அதற்குமேல் ஈரத்துணி. எல்லாம் சிப்பின் அடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டன.

"தங்கராசு அண்ணன்தானே டீச்சர் பொட்டு வெச்சாரு!" என்றான் இனியன்.

"யாருன்னு கேக்…" என்று தொடங்கிய டீச்சர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தம் வாசகத்துக்கு இப்படி ஒரு எடை உண்டென்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

அவருக்கு உடனே புரிந்தவை இரண்டு. இதை நேரே போய்ச் சொன்னால் பழி ஒரு சின்னப் பெண்ணின் தலையிலிருந்து இறங்கி ஒரு தற்காலிகப் பணியாளரின் தலையில் ஏறும். அவருக்கு வேலை போனாலும் கேட்க நாதியில்லை. இன்னொன்று, சொல்கிறவர் மரியபுஷ்பம். முன்பொருமுறை கணினிக்கு எலுமிச்சம்பழம் கட்டாதீர்கள், சாறு உள்ளே வழியும் என்று சொன்னார். "அவங்களுக்கு நம்ம பூசன்னா ஆவாது" என்று ஆசிரியர் அறையில் காதுபடப் பேசினார்கள். சாறு வழியுமா வழியாதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. எவர் சொன்னார், எந்தச் சாமி கும்பிடுகிறவர் சொன்னார் என்று பார்த்தார்கள். உண்மை வாயைத் திறக்குமுன் அதன் சாதிச் சான்றிதழைக் கேட்கிற நாடு இது.

மேல்பட்டாம்பாக்கம் போகிற பேருந்தில் அன்று அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து திருப்புளியைக் கைக்குள் உருட்டிக்கொண்டே போனார். இறங்கும் இடம் தாண்டி, பேருந்து அடுத்த ஊரை நெருங்கியும் எழுந்திருக்கவில்லை. "டீச்சர், நெல்லிக்குப்பத்துல வூடு பாத்துட்டீங்களா?" என்று நடத்துனர் கேட்டபிறகுதான் நினைவு வந்தது. மறுநாள் பழைய இரும்புக் கடையில் அவர் எதையும் வாங்கவில்லை. பக்கத்துப் பேட்டரிக் கடையில் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் ஒரு பாட்டில் மட்டும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த சில நாள்கள் பிள்ளைகள் பழைய பல்துலக்கிகளை ஸ்பிரிட்டில் தொட்டு ஒவ்வொரு பலகையாகத் தேய்த்தார்கள். சில பிழைத்துக்கொண்டன. சில பிழைக்கவில்லை. அகிலா பக்கத்தில் நின்று பார்த்தாள், கைகள் பின்னால்.

வெள்ளிக்கிழமை, ரத்துசெய்யப்பட்ட அதே கடைசி பீரியடில், படைப்புத் தொழில்நுட்பக் கூடத்துக்குக் கலியமூர்த்தியை அழைத்தார். தங்கராசுவையும் அழைத்தார். வேலை முடிந்து போகும் வழியில் வந்துவிட்டுப் போகும்படி சாமியம்மாளுக்கும் சொல்லியனுப்பியிருந்தார். மேசையில் டீக்கடைக் காகிதக் கப்புகள் வரிசையாக இருந்தன. நடுவில் முள் மீட்டர்.

"எல்லாரும் பாத்துக்குங்க. தண்ணி வழியா கரன்ட் போச்சுன்னா முள்ளு ஏறும். போவலன்னா படுத்துகினு கெடக்கும்."

பையைத் திறந்து வேளாங்கண்ணிப் புட்டியை எடுத்தார். "மொதல்ல எங்க சாமியோடது." சிலுவை போட்டுக்கொண்டு முதல் கப்பில் ஊற்றினார். இனியன் இரண்டு கம்பிகளையும் அதில் நனைத்தான். முள் ஏறியது.

பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கலியமூர்த்திக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "டீச்சர், இதெல்லாம் வெச்சு சோதன பண்ணலாமா?"

"மாதா கோச்சுக்காது சார். முள்ளு பொய் சொன்னாத்தான் கோச்சுக்கும்."

அடுத்து குழாய்த் தண்ணீர். முள் ஏறியது. "அக்கா, ஒங்க பாட்டில்ல இருக்கறதக் கொஞ்சம் ஊத்துங்க." சாமியம்மாள் தயங்கித் தயங்கி ஊற்றினார். முள் ஏறியது. "பாத்தீங்களா, எங்க மாதா தண்ணிக்கும் ஒங்க வூட்டுத் தண்ணிக்கும் மீட்டர் ஒரே மரியாததான் குடுக்குது" என்றார் டீச்சர். சாமியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்புதான்.

"தங்கராசு அண்ணே, பூசைக்குக் கொழைக்கிற மாரி கொஞ்சம் சந்தனம் கொழைச்சிக் குடுங்க."

தங்கராசு குழைத்தார். நனைத்த கம்பியில் சந்தனம் அப்பியது. முள் ஏறியது. யாரும் கத்தவில்லை.

கடைசியாகப் பேட்டரித் தண்ணீர். கம்பிகளை நன்றாகத் துடைத்துவிட்டு நனைத்தார்கள். முள் படுத்தே கிடந்தது. இனியன் மீட்டரைத் தட்டிப் பார்த்தான். அப்போதும் கிடந்தது.

"அப்ப தீர்த்தத்தவிட பேட்டரித் தண்ணி சுத்தம்ங்கறீங்க?" என்றார் கலியமூர்த்தி.

"நான் சொல்லல சார். முள்ளு சொல்லுது."

புஷ்பம் டீச்சர் செத்த பலகை ஒன்றை எடுத்து, கேமராவில் பெரிதாக்கிய படத்தை அவர் முன்னால் வைத்தார். மஞ்சளும் பச்சையும் படிந்த கால்கள். கலியமூர்த்தி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். ஒன்றுமறியாத மனிதர் அல்லர் அவர், பழைய இயற்பியல் பட்டதாரி. பார்க்கப் பார்க்க அவருக்கே விளங்கியது.

தங்கராசுவின் குரல் உள்ளே போயிருந்தது. "அப்ப நாந்தானா டீச்சரம்மா? நாந்தான் கெடுத்துட்டனா?"

"நீங்க இல்லண்ணே." டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தே சொன்னார். "பொட்டு வெச்சது நீங்க. வெக்கச் சொன்னது நாம எல்லாரும். நானுந்தான் பக்கத்துல நின்னுகினு பாத்தேன், ஒரு வார்த்த சொல்லல. தெனம் எடுத்துப் பொழங்குற சாமானா இருந்தா மறுநாளே யாராவது ஒரு புள்ள 'இன்னா இது பிசுபிசுன்னு' கேட்டு வழிச்சிப் போட்டுருக்கும். மழக்காலம் பூரா காத்து போவாத பீரோவுல ஈரத்தோட பூட்டி வெச்சோம். அந்த ஈரத்து வழியா சிப்போட ஒரு காலுலேருந்து இன்னொரு காலுக்குக் கரன்ட் தாவிடுச்சு. அதான் சார் காரணம். தொட்டதால கெடல. தொடாததால கெட்டுச்சு."

எல்லோரும் பீரோவைப் பார்த்தார்கள். அது ஒரு குற்றமும் அறியாததுபோலச் சாம்பல் நிறத்தில் நின்றது.

சாமியம்மாள் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. "அப்ப எம்பொண்ணு கை ஒண்ணும் பண்ணலதானே சார்?"

கலியமூர்த்தி அவரைப் பார்த்தார், பிறகு அகிலாவைப் பார்த்தார். "இல்லம்மா. கை ஒண்ணும் பண்ணல. நாந்தான் சொல்லக்கூடாதத சொல்லிட்டேன்." அவருக்கு அது சுலபமாக வரவில்லை. வந்தது. "மேல எழுதும்போது காரணம் ஈரப்பதம்னு எழுதிடறேன். பேரு எதுவும் வேணாம். யார் பேரும் வேணாம்."

சட்டைப்பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்தார். பீரோவைத் தாமே திறந்தார். உள்ளேயிருந்து ஈரவாடையும் சந்தன வாடையும் சேர்ந்து வெளியே வந்தன. "எல்லாத்தையும் வெளிய எடுத்து வைங்க. காத்தாடட்டும்" என்றார். பிள்ளைகள் பெட்டிகளைத் தூக்க முண்டியடித்தார்கள். அவர் கையில் பூட்டு மட்டும் மிஞ்சியது. அதைப் பையில் போடுவதா, மேசையில் வைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"இத என்ன டீச்சர் பண்றது?"

புஷ்பம் டீச்சர் அதை வாங்கினார். கனமான பூட்டு. கையில் வைத்து எடை பார்த்தார், காதருகே கொண்டுபோய் ஆட்டினார், உள்ளே ஏதோ கிலுங்கியது. மற்றவர்கள் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அகிலா மட்டும் பழைய இடத்திலேயே நின்றாள், கைகள் பின்னால். டீச்சர் பூட்டை அவள் முன்னால் மேசையில் வைத்தார். பக்கத்தில் திருப்புளியை, பிடி அவள் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார்.

"கழட்டு, பாக்கலாம்."

அகிலா அம்மாவைப் பார்த்தாள். சாமியம்மாள் மேசையைச் சுற்றி நடந்து வந்து, மகளின் முதுகுக்குப் பின்னால் கைவிட்டு, அந்த இரண்டு கைகளையும் பிரித்து முன்னால் எடுத்துவிட்டார்.